பியானோக்காரரின் ஆல்பத்தில் பியானோ எங்கே?

பிக் பேண்ட் ஜாஸ் (ஊதுகருவிகள் நிறைந்த பெரிய குழு வாசிக்கும் ஜாஸ்) பற்றி இந்த முறை கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கேட்பவர்கள் பாதி, வாசிப்பவர்கள் பாதி. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

ஒரு பியானோக் கலைஞர் இசையமைத்து நடத்திய புது பிக் பேண்ட் ஆல்பம் என்று நண்பர் அனுப்பினார். ஒன்பது உருப்படி. இரண்டில்தான் பியானோ தனியாக வருகிறது. மற்றதிலெல்லாம் ஊதுகருவிகளே. அட்டையில் அவர் பெயர்தான் பெரிதாக இருக்கிறது. இது என்ன நியாயம்?
– வாசகர், ராமநாதபுரம், கோவை

ஒன்பது உருப்படியிலும் அவர்தான் இருக்கிறார். பதின்மூன்று ஊதுகருவிகள் சேர்ந்து எழுப்பும் அந்தக் கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) பெரும்பாலும் பியானோவில் பத்து விரலால் தேடிப் பிடித்தவை. பிடித்ததை விரல் விரலாகப் பிரித்து, மேல் ஸ்வரம் ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கு, அடுத்தது இன்னொருவருக்கு, அடி ஸ்வரம் பேரிடோன் சாக்ஸபோனுக்கு என்று எழுதிக் கொடுத்திருப்பார். ஆகவே இந்த மாதிரி ஆல்பத்தில் பியானோவைத் தேட வேண்டிய இடம் சாக்ஸபோன் வரிசையும் பித்தளை (ட்ரம்பெட், ட்ரோம்போன்) வரிசையும்தான்.

மேடையில் அவர் அடக்கி வாசிப்பதற்கும் காரணம் உண்டு. கார்டின் அடி ஸ்வரத்தை பாஸ் வாசிக்கிறது. நடு ஸ்வரங்கள் ட்ரோம்போனிலும் டெனரிலும் நிற்கின்றன. மெட்டு ட்ரம்பெட்டில். பியானோவும் அதே ஸ்வரங்களை முழுக் கையால் அழுத்தினால் புதிதாக எதுவும் சேராது, கலங்கல்தான் மிஞ்சும். கவுன்ட் பேஸி (1904–1984) இதை அழகாகச் செய்து காட்டியவர். அவருடைய குழு முழங்கி நிறுத்தும் இடைவெளியில் வலது கையால் மூன்று நான்கு ஸ்வரம் மட்டும் வைப்பார். அது உங்கள் காதில் விழுவதற்குக் காரணமே சுற்றி இருக்கும் அமைதி. ட்யூக் எல்லிங்டன் (1899–1974) பியானோ வாசிப்பார், ஆனால் அவருடைய உண்மையான கருவி அவருடைய குழுதான் என்று பில்லி ஸ்ட்ரேஹார்ன் சொல்லியிருக்கிறார். 1967இல் இறக்கும்வரை எல்லிங்டனோடு சேர்ந்து எழுதியவர் அவர். தோஷிகோ அகியோஷி 1973இல் லாஸ் ஏஞ்சல்ஸில் சாக்ஸபோன் கலைஞர் லூ டாபாக்கினுடன் தொடங்கிய குழுவிலும் இதே கதைதான். சிறந்த பியானோக் கலைஞர் அவர். ஆனாலும் ஆல்பங்களில் முதலில் நம்மைப் பிடிப்பது ஐந்து சாக்ஸ்காரர்களும் புல்லாங்குழலுக்கு மாறிச் சேர்ந்து ஊதும் இடங்கள்.

ஒரு பயிற்சி சொல்கிறோம். சாக்ஸ் வரிசை முழுதும் ஒன்றாக நகரும் பகுதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை மேல் குரலை மட்டும் கூடவே முணுமுணுங்கள். இரண்டாம் தடவை அதற்கு நேர் கீழே உள்ள குரலைப் பிடியுங்கள். பிடிபடச் சிரமப்படும், விடாதீர்கள். கீழ்க் குரல் மெட்டுக்கு எதிர்த்திசையில் நகர்வதும், ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டு மற்றவர்களை நகரவிடுவதும் தெரிய ஆரம்பிக்கும். அந்த நகர்வுகளில்தான் இசையமைப்பாளரின் கை இருக்கிறது.

தினமும் காரில் போகும்போது கேட்கிறேன். எல்லாம் ஒரே இரைச்சலாக இருக்குதுங்க. எது எந்தக் கருவின்னே பிரிக்க முடியலை.
– ஏற்றுமதி நிறுவன ஊழியர், திருப்பூர்

வழக்கமான அமைப்பு 17 பேர். சாக்ஸபோன் 5 (ஆல்ட்டோ 2, டெனர் 2, பேரிடோன் 1), ட்ரம்பெட் 4, ட்ரோம்போன் 4 (கடைசியது பாஸ் ட்ரோம்போன்), பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ். இன்றைய ஆல்பங்களில் இதோடு கூடுதல் கருவிகளும் சேரும். இசையமைப்பாளர் மரியா ஷ்னைடரின் குழுவில் அக்கார்டியன் உண்டு.

காரில் பிரிக்க முடியாதது உங்கள் காதின் குறை இல்லை. பேரிடோன் சாக்ஸின் அடி ஸ்வரம் ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ், பாஸின் அடி நரம்பு 41. டயர் சத்தமும் என்ஜின் உறுமலும் அந்த இடத்தைத்தான் அடைத்துக்கொள்கின்றன. செல்போன் ஸ்பீக்கரில் அந்த ஒலிகள் வெளியே வருவதே இல்லை. மெதுவாகத் தொடங்கி உச்சத்துக்குப் போகும் உருப்படியில் மெதுவான பகுதி கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டுவோம், பித்தளை வந்ததும் காதைப் பிளக்கும். வீட்டில், காதை மூடும் ஹெட்போனில், ஒரு வால்யூமில் வைத்துத் தொடாமல் கேளுங்கள்.

பேரிடோனின் குரலை ஒரு தடவை தனியாகக் கேட்டுவிட்டால் பிறகு எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு எல்லிங்டனின் 'ஃபார் ஈஸ்ட் சூட்' ஆல்பத்தில் 'ஆக்ரா' என்ற உருப்படி போதும். ஹாரி கார்னி வாசிக்கிறார். எல்லிங்டன் குழு 1963இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் இந்தியா வந்து போன பிறகு பிறந்த இசை அது, பதிவானது 1966இல். அதிலேயே 'ப்ளூபேர்ட் ஆஃப் டெல்லி' என்ற உருப்படியில் கிளாரினெட் திரும்பத் திரும்ப ஒரு சிறு சங்கதி போடும். அது மைனாவின் கூவல்.

பழைய ஜாஸில் மெட்டு வரும், தனி ஆவர்த்தனம் மாதிரி ஆளாளுக்கு வாசிப்பார்கள், மறுபடி மெட்டு வந்து முடியும். புது ஆல்பங்களில் ஒரு உருப்படி பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடுகிறது, தொடங்கிய மெட்டு திரும்பி வருவதே இல்லை. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?
– கல்லூரி மாணவர், ஈரோடு

முதலில் பழையதை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள் தம்பி, புதியது தானாக வசப்படும். பெரும்பாலான பழைய உருப்படிகள் 12 பார் (ஒரு பார் என்பது நாலு தட்டு) ப்ளூஸ் அல்லது 32 பார் பாட்டு. நிமிடத்துக்கு 160 தட்டு வேகத்தில் 32 பார் ஒரு சுற்று 48 வினாடி. 120 தட்டில் 12 பார் ஒரு சுற்று 24 வினாடி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் சுற்று எங்கே முடிகிறது என்பது ஒரு வாரத்தில் உடம்பில் ஏறிவிடும். பேஸியின் 1937ஆம் ஆண்டுப் பதிவான 'ஒன் ஓ'க்ளாக் ஜம்ப்' இதற்கு ஏற்றது. பியானோ தொடங்கும், ஒவ்வொருவராக 12 பார் வாசிப்பார்கள், கடைசியில் மூன்று வரிசையும் ஆளுக்கொரு சிறு சொற்கட்டை மோதவிட்டு முடிப்பார்கள்.

இப்போது புதியவற்றுக்கு வருவோம். இன்றைய இசையமைப்பாளர்கள் பலர் சுற்றை விட்டுவிட்டு ஒரு சிறு துணுக்கை வளர்த்துக்கொண்டே போகிறார்கள். மூன்று நான்கு ஸ்வரம்தான் இருக்கும். அதுவே நீட்டப்பட்டு பாஸில் வரும், தலைகீழாக ட்ரோம்போனில் வரும், தனியாக வாசிப்பவருக்குப் பின்னால் மெல்லிய திரையாக நிற்கும். ஆகவே முதல் ஒரு நிமிடத்தை மட்டும் மூன்று தடவை கேட்டு, அந்தத் துணுக்கை மனதில் வாங்கிக்கொண்டு மேலே போங்கள். இன்னொன்றும் கவனியுங்கள். பழைய முறையில் தனி வாசிப்பு என்பது மெட்டுக்கு நடுவே கிடைக்கும் திறந்தவெளி. இங்கே தனியாக வாசிப்பவர் உருப்படியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர். அவர் தொடங்கும்போது எந்தத் தளத்தில் இருந்தோம், முடிக்கும்போது எங்கே இருக்கிறோம் என்று பாருங்கள். மரியா ஷ்னைடரின் 'டேட்டா லார்ட்ஸ்' (2020) இரட்டை ஆல்பத்தை இதற்குச் சிபாரிசு செய்கிறோம். ஒரு தட்டு டிஜிட்டல் உலகம், இன்னொன்று இயற்கை உலகம். இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள், காதுக்கு இதமாக இருக்கும்.

எங்க பேண்டு செட்டுல 3 ட்ரம்பெட், 2 யூஃபோனியம், 2 கிளாரினெட், ஒரு ஆல்ட்டோ, ஒரு டெனர் இருக்குதுங்க. கீபோர்டு நான். எஃப் ஸ்கேல்ல ஒரு ப்ளூஸ் எழுதி எல்லாருக்கும் அதையே ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஆரம்பிச்ச உடனே கலவரமாப் போச்சு. எங்கீங்க தப்பு? அது சரியானா, பிக் பேண்ட் மாதிரி கார்டு எப்படிப் பிரிக்கறதுன்னும் சொல்லுங்க.
– கீபோர்டு வாசிப்பவர், கோபிசெட்டிபாளையம்

தப்பு அந்த ஜெராக்ஸில்தான் இருக்கிறது. ட்ரம்பெட், கிளாரினெட், டெனர் மூன்றும் பி ஃபிளாட் கருவிகள். தாளில் ஸி என்று பார்த்து ஊதினால் வெளியே வருவது ஆறரைக் கட்டை. ஆல்ட்டோ இ ஃபிளாட் கருவி, அதன் ஸி இரண்டரைக் கட்டை. நீங்கள் எல்லோருக்கும் எஃப் என்று எழுதிக் கொடுத்ததால் கீபோர்டு நாலு கட்டையில் நின்றது, ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் டெனரும் இரண்டரைக் கட்டையில் போயின, ஆல்ட்டோ ஐந்தரைக் கட்டையில் தனியாகப் போனது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிச் சரிசெய்யவும் முடியாது, ஏனென்றால் அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. பட்டனைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

எழுதும் கணக்கு இதுதான். ட்ரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் ஒரு முழு ஸ்வரம் மேலே எழுதுங்கள். டெனருக்கு ஒரு ஆக்டேவும் (ஒரு ஸ்தாயி) ஒரு முழு ஸ்வரமும் மேலே. ஆல்ட்டோவுக்கு மேஜர் ஆறாவது (ஒன்பது அரை ஸ்வரம்) மேலே. பேரிடோன் கிடைத்தால் அதற்கு மேல் இன்னும் ஒரு ஆக்டேவ். உங்கள் எஃப் ப்ளூஸ் ட்ரம்பெட், கிளாரினெட், டெனர் தாள்களில் ஜி ஸ்கேலாக இருக்க வேண்டும், ஆல்ட்டோ தாளில் டி ஸ்கேல். யூஃபோனியம் வாசிப்பவரிடம் மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: பாஸ் கிளெஃப் படிப்பவர் என்றால் உள்ளது உள்ளபடியே எழுதலாம், ட்ரிபிள் கிளெஃப் படிப்பவர் என்றால் டெனருக்கு எழுதும் கணக்கே அவருக்கும்.

இனி கார்டு. மெட்டு நடு ஸிக்கு மேல் உள்ள ஸியில் நிற்கிறது, கார்டு எஃப் ஆறு (எஃப், ஏ, ஸி, டி) என்று வைத்துக்கொள்வோம். கீபோர்டில் வலது கையால் மேலிருந்து கீழாக ஸி, ஏ, எஃப், டி என்று நெருக்கமாகப் பிடித்துப் பாருங்கள். இதுதான் நெருக்கக் கட்டு. முதல் கிளாரினெட்டுக்கு ஸி (தாளில் டி), இரண்டாம் கிளாரினெட்டுக்கு ஏ (தாளில் பி), ஆல்ட்டோவுக்கு எஃப் (தாளில் டி), டெனருக்கு டி (தாளில் இ). ஐந்தாவது ஆளாக ஒரு யூஃபோனியம், மெட்டின் ஸியையே ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது நடு ஸியில் வாசிக்கட்டும். மெட்டு கனத்துக் கேட்கும்.

இதையே மெட்டு முழுவதற்கும் வைத்தால் காது சலித்துவிடும். மெட்டு மேலே ஏற ஏற ஒலி கிறீச்சென்றும் ஆகும். அப்போது மேலிருந்து இரண்டாவது ஸ்வரத்தை எடுத்து ஒரு ஆக்டேவ் கீழே போடுங்கள். ஏ கீழே இறங்க, வரிசை ஸி, எஃப், டி, கீழ் ஏ என்று ஆகும். முதல் கிளாரினெட் ஸி, ஆல்ட்டோ எஃப், இரண்டாம் கிளாரினெட் டி (தாளில் இ), டெனர் கீழ் ஏ (தாளில் பி). காற்றோட்டம் வந்த மாதிரி கார்டு விரிந்துகொள்வது முதல் பாரிலேயே தெரியும்.

பித்தளைக்கு வேறொரு கட்டு. எஃப் ஏழு கார்டுக்கு யூஃபோனியம் இரண்டுக்கும் இ ஃபிளாட், ஏ. அவற்றுக்கு மேல் ட்ரம்பெட் மூன்றுக்கும் டி, ஜி, ஸி. மெட்டு அதே ஸிதான். அடியிலிருந்து இ ஃபிளாட், ஏ, டி, ஜி, ஸி என்று நாலாவது நாலாவதாக அடுக்கியிருக்கிறோம். எஃப்பை யாருமே ஊதவில்லை, அது பாஸின் வேலை. இன்றைய பிக் பேண்ட் ஆல்பங்களில் நீங்கள் கேட்கும் அந்தத் திறந்த, முடிவு சொல்லாத ஒலிக்கு இது ஒரு நல்ல வாசல். ட்ரம்பெட் தாள்களில் இ, ஏ, டி என்று வரும். எல்லாம் சுலபமான எல்லைக்குள்தான்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. நடு ஸிக்கு ஒரு ஆக்டேவ் கீழே உள்ள ஸியைத் தாண்டி இறங்கினால் மூன்றாவது இடைவெளி வைக்காதீர்கள், கலங்கும். அங்கே ஐந்தாவதும் ஆக்டேவும்தான் தாங்கும். கிளாரினெட்டுக்குத் தாளில் ஜி முதல் பி ஃபிளாட் வரையிலான நடு ஸ்வரங்கள் இயல்பாகவே மெலிந்தவை, மெட்டை அங்கே நிறுத்தினால் ட்ரம்பெட் விழுங்கிவிடும். பின்னால் யூஃபோனியத்துக்குப் பதில் ஸ்லைடு ட்ரோம்போன் வந்தால் அடி பி ஃபிளாட்டிலிருந்து அடுத்த பிக்கு வேகமாகப் போகச் சொல்லாதீர்கள். முதல் இடத்திலிருந்து ஏழாவது இடத்துக்கு, கை முழுதும் நீள வேண்டும். யூஃபோனியத்தில் அது மூன்று வால்வு அழுத்தும் வேலை, ட்ரோம்போனில் நடக்காது.

கடைசியாக உங்கள் கீபோர்டு. மெல்லிசைக் குழுவில் பழகியவர்களுக்கு ஸ்ட்ரிங்ஸ் ஒலியைப் பின்னால் போட்டு நிரப்பும் பழக்கம் இருக்கும். இங்கே அதை முழுதாக நிறுத்துங்கள். பியானோ ஒலி மட்டும் போதும். இடது கை அடி ஸ்வரம் வேண்டாம். எஃப் ஏழு என்றால் ஏ, இ ஃபிளாட் இரண்டே ஸ்வரம், அதுவும் ஊதுகருவிகள் மூச்சு வாங்கும் இடத்தில். எல்லோரும் சேர்ந்து முழங்கும் கடைசிச் சுற்றில் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்விங் நடை வரவே மாட்டேங்குது. டிரம்ஸ்காரர் சரியாகத்தான் அடிக்கிறார், ஆனாலும் ஊர்வலம் போகிற மாதிரி இருக்கிறது.
– கிட்டார் வாசிப்பவர், கரூர்

பாஸ் டிரம்மைப் பாருங்கள். ஊர்வல நடையில் பழகிய கால் ஒன்றிலும் மூன்றிலும் ஓங்கி மிதிக்கும். ஸ்விங்கில் அழுத்தம் இரண்டிலும் நாலிலும், அதுவும் ஹைஹாட்டில் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு). பாஸ் டிரம் நாலு தட்டிலும் வரலாம், ஆனால் எதிரில் உட்கார்ந்தவருக்குத் தனியாகக் கேட்கக் கூடாது. மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து அந்தச் சத்தத்தை இரண்டு, நாலு என்று எண்ணிப் பயிற்சி செய்யச் சொல்லுங்கள்.

ஊதுகருவிகளுக்குத் தாளில் சமமான எட்டாவது ஸ்வரங்களாகத்தான் எழுதியிருக்கும், அப்படியே வாசித்தால் மரக்கட்டை. ஒரு தட்டுக்குள் 'தகிட' சொல்லி, 'த'விலும் 'ட'விலும் மட்டும் ஸ்வரம் வையுங்கள். நடுத்தர வேகத்துக்கு இது சரி. வேகம் 250ஐ நெருங்கும்போது இடைவெளி ஏறத்தாழச் சமமாகிவிடும், அங்கே தகிடவைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் நொண்டும். நீங்கள் கிட்டார் என்பதால் ஒரு பெயர்: ஃப்ரெட்டி கிரீன். 1937 முதல் 1987 வரை பேஸி குழுவில் நாலு தட்டுக்கு நாலு அடி, ஒலிபெருக்கி இல்லாத கிட்டாரில். பெரும்பாலும் தனி வாசிப்பே கிடையாது. அவருடைய கையை எடுத்துவிட்டால் அந்தக் குழுவின் நடையே மாறிவிடும்.

பிக் பேண்டில் நம்ம ஜமாப், துடும்பு சேர்க்கலாமா?
– வாசகர், பெருந்துறை

சேர்க்கலாம், ஆனால் டிரம்ஸுக்கு மேல் இன்னொரு அடுக்காகச் சேர்க்கக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான். தோஷிகோ அகியோஷியின் 'கோகுன்' (1974) கேளுங்கள். போர் முடிந்தது தெரியாமல் பிலிப்பைன்ஸ் காட்டில் ஏறத்தாழ முப்பதாண்டு ஒளிந்திருந்த ஜப்பானிய வீரர் ஹிரூ ஒனோடாவை நினைத்து எழுதியது. 'நோ' என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் ட்சுசுமி மேளம் அதில் வருகிறது. அது வரும்போது மற்றவர்கள் விலகி வழி விடுகிறார்கள். மேளம் தன் காலத்தில் தட்டுகிறது, குழு தன் காலத்தில் வருகிறது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

துடும்பு வாசிக்கும்போது டிரம்ஸ் ஹைஹாட்டோடு நிற்கட்டும், பாஸ் நீண்ட ஸ்வரம் பிடிக்கட்டும், பித்தளை சிறு சிறு வெட்டுகளாக மட்டும் பதில் சொல்லட்டும். பெரிய மேளத்தின் கீழ் ஒலியும் பாஸின் ஒலியும் ஒரே இடத்தில் மோதும் என்பதால் பாஸை ஒரு ஆக்டேவ் மேலே எழுதுங்கள். மேளக்காரர்களுக்கு பார் எண்ணித் தாளைக் கொடுக்காதீர்கள். அவர்களுடைய அடவு எத்தனை தட்டில் சுழல்கிறது என்று முதலில் எண்ணி, அந்த எண்ணிக்கைக்குப் பித்தளை வெட்டுகளை எழுதுங்கள். வெட்டவெளியில் வாசிக்கப் பிறந்த கருவி அது. கல்யாண மண்டபத்துக்குள் வாசிப்பதானால் மேடைக்குக் கீழே, பக்கவாட்டில் நிறுத்துங்கள், மைக் வேண்டாம்.

சில பழைய பதிவுகளில் ட்ரம்பெட் 'வா வா' என்று அழுகிறதே, அது என்ன கருவி?
– வாசகி, தாராபுரம்

ட்ரம்பெட்டேதான். கழுவுதொட்டி அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணத்தைக் கைப்பிடி நீக்கி, ட்ரம்பெட் வாய்க்கு முன்னால் மூடித் திறக்கிறார்கள். எல்லிங்டன் குழுவில் பப்பர் மைலி ட்ரம்பெட்டிலும் ஜோ நான்டன் ட்ரோம்போனிலும் இதில் பேர் போனவர்கள். ஹார்டுவேர் கடையில் புதிதாக வாங்குங்கள், ட்ரம்பெட்டுக்குச் சின்ன அளவு, ட்ரோம்போனுக்குப் பெரிய அளவு.

மகளுக்கு 14 வயது. பியானோவில் கிரேடு பரீட்சைகள் எழுதுகிறாள். கம்ப்யூட்டரில் பிக் பேண்டுக்கு எழுதுகிறாள், கேட்க நன்றாகவே இருக்கிறது. ஊதுகருவி வாசிப்பவர்களிடம் கொடுத்தால் 'இதை வாசிக்க முடியாது' என்கிறார்கள்.
– தாயார், பொள்ளாச்சி

கம்ப்யூட்டர் ட்ரம்பெட்டுக்கு உதடு கிடையாது, மூச்சு கிடையாது. மனிதருக்கு இரண்டும் உண்டு. அவளுடைய தாளில் முதலில் இதைப் பாருங்கள்: முதல் ட்ரம்பெட்டுக்குத் தொடர்ந்து எத்தனை பார் இடைவெளியில்லாமல் எழுதியிருக்கிறாள்? மேல் எல்லையில் எட்டு பார் எழுதினால் பிறகு குறைந்தது நாலு பார் ஓய்வு வேண்டும். பழகுபவர்களுக்குத் தாளில் கோட்டுக்கு மேல் முதல் கூடுதல் கோட்டில் வரும் ஏ வரைக்கும் போதும். அதற்கு மேல் எழுதினால் ஒத்திகையில் ஒரு தடவை வரும், கச்சேரியில் வராது.

அடுத்தது ஒலி அளவு. கம்ப்யூட்டரில் ஒரு புல்லாங்குழல் நாலு ட்ரம்பெட்டை மீறிக் கேட்கும். மேடையில் கேட்காது. ஸ்லைடரை நகர்த்திச் சரிசெய்யும் பழக்கத்தை விட்டு, கருவிகளைக் குறைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். தாள்களில் எட்டு பாருக்கு ஒரு முறை எழுத்து அடையாளம், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பார் எண், பக்கம் திருப்பும் இடத்தில் ஓய்வு. இவை இல்லாமல் ஒத்திகையில் பாதி நேரம் 'எங்கே இருந்து?' என்ற கேள்வியிலேயே போகும். இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோரிலேயே எல்லாம் செய்யலாம்.

பதினேழு பேருக்கு எழுதுவது இப்போதைக்கு இருக்கட்டும். ட்ரம்பெட், ஆல்ட்டோ, ட்ரோம்போன் மூன்றுக்கு எழுதட்டும். மூன்று ஸ்வரத்தில் கார்டைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பதின்மூன்று பெரிய விஷயமாக இருக்காது. அவளுக்கு எங்கள் மனமார்ந்த வாழ்த்து.

மதியம் ஏசி ஹாலில் ஒத்திகை, சுருதி சேர்ந்தே இருந்தது. சாயங்காலம் வெளி மேடையில் கீபோர்டும் பித்தளையும் ஒட்டவே இல்லை.
– ட்ரம்பெட் வாசிப்பவர், பவானி

காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும், ஊதுகருவியின் சுருதி ஏறும். கீபோர்டு 440 ஹெர்ட்ஸிலேயே நிற்கும். சித்திரை வெயில் தணியாத மாலையில் வித்தியாசம் காதைக் குத்தும். ட்ரம்பெட்டின் ட்யூனிங் ஸ்லைடை அரை சென்டிமீட்டர் இழுத்தால் குழாய் ஒரு சென்டிமீட்டர் நீளும், அரை ஸ்வரத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இறங்கும். சாக்ஸ்காரர்கள் மவுத்பீஸைச் சற்று வெளியே இழுக்க வேண்டும். அதிலும் அடங்கவில்லை என்றால் கீபோர்டின் மாஸ்டர் ட்யூனிங்கை 442 அல்லது 443க்கு ஏற்றுங்கள். மேடை ஏறும் முன் பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகுதான் இதையெல்லாம் செய்ய வேண்டும். குளிர்ந்த கருவியில் சேர்த்த சுருதி இரண்டாவது உருப்படியில் போய்விடும்.

அமெரிக்க ஜாஸில் தமிழர் யாராவது உண்டா?
– வாசகர், நாமக்கல்

விஜய் ஐயர். அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் பிறந்த பியானோக் கலைஞர், இசையமைப்பாளர். அவருடைய மூவர் குழுப் பதிவான 'ஹிஸ்டாரிசிட்டி' (2009) தொடங்க நல்ல இடம். சாக்ஸ் பிரியர் என்றால் ருத்ரேஷ் மகந்தப்பாவும் நம் கத்ரி கோபால்நாத்தும் சேர்ந்து வாசித்த 'கின்ஸ்மென்' (2008) கேளுங்கள்.

எங்கள் குழுவில் 14 பேர். சொந்த உருப்படிகளை ஆல்பமாகப் பதிவு செய்ய ஆசை. கோவையில் நாங்கள் பார்த்த ஸ்டுடியோக்களில் இத்தனை பேர் உட்கார இடமில்லை. தனித்தனியாகப் பதிவு செய்தால் உயிர் போய்விடுமா?
– குழு ஒருங்கிணைப்பாளர், பீளமேடு, கோவை

எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசிப்பதுதான் எங்கள் முதல் தேர்வு. அதற்கு ஸ்டுடியோதான் வேண்டும் என்பதில்லை. திரைச்சீலையும் மெத்தை நாற்காலியும் உள்ள சிறு கலையரங்கம் கிடைத்தால் போதும், மின்விசிறிகளையும் ஏசியையும் நிறுத்திவிட்டுப் பதியலாம். சாக்ஸ் முன் வரிசை, ட்ரோம்போன் நடு, ட்ரம்பெட் பின்னால் நின்றுகொண்டு. ஒவ்வொரு வரிசையின் முதல் வாத்தியக்காரரும் நடுவில், ஒருவருக்குப் பின் ஒருவராக இருக்க வேண்டும். அவர் சொல்லும் நடையை இரு பக்கமும் கேட்டுத்தான் மற்றவர்கள் சேர்கிறார்கள். பித்தளைக்கு மைக் மூன்றடித் தூரத்துக்குள், கருவியின் வாய்க்கு நேராக இல்லாமல் சற்று விலகி. சாக்ஸுக்கு மைக்கைக் கருவியின் வாய்க்குள் திணிக்காதீர்கள். ஒலி துளைகளிலிருந்தும் வருவதால் ஓரடி தள்ளி, சாவிகளைப் பார்த்து வையுங்கள். வாய்க்குள் வைத்தால் அடி ஸ்வரம் மட்டும் குதித்துக் கேட்கும்.

அரங்கம் கிடைக்கவில்லை என்றால் பிரித்துப் பதியலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் பாஸ், டிரம்ஸ், கிட்டார், பியானோ ஒன்றாக. அவர்கள் வெற்று கிளிக்குக்கு (ஹெட்போனில் வரும் மெட்ரோனோம் சத்தம்) வாசித்தால் நடை விறைத்துவிடும், ஆகவே முதல் ட்ரம்பெட்காரர் பக்கத்து அறையில் நின்று மெட்டை வழிகாட்டியாக ஊதட்டும், கிளிக் இரண்டிலும் நாலிலும் மட்டும் ஒலிக்கட்டும். அடுத்து ட்ரம்பெட் வரிசை முழுதும் ஒன்றாக, பிறகு ட்ரோம்போன், கடைசியில் சாக்ஸ். ஒருவர் ஒருவராகப் பதியவே வேண்டாம். ஹெட்போனில் வாசிக்கும்போது சுருதி மெல்ல ஏறும் அல்லது இறங்கும், பக்கத்தில் ஆள் இருந்தால்தான் அது தெரியும். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். தனி வாசிப்புகளை மட்டும் தாளக் குழுவோடு நேரடியாகவே எடுத்துவிடுங்கள், பின்னால் ஒட்ட வைத்தால் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காத மாதிரி இருக்கும்.

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சுலபமான உருப்படியில் தொடங்கி மைக்குகளைச் சரிசெய்துகொள்ளுங்கள், ட்ரம்பெட்டுக்குக் கடினமானதை இரண்டாவதாக எடுங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பின் மெதுவான உருப்படிகள். ஒரு உருப்படிக்கு மூன்று தடவை எடுத்தும் வரவில்லை என்றால் நாலாவது எடுக்காமல் அடுத்ததற்குப் போங்கள், உதடு களைத்துவிட்டது என்று அர்த்தம். பியானோவைக் கலக்கும்போது தனியாக ஏற்றிப் பார்க்கும் ஆசை வரும். ஊதுகருவிகள் நிற்கும் இடங்களில் அது கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். கேட்கிறது என்றால் அந்த ஃபேடரை அப்படியே விட்டுவிடுங்கள்.